ஒரு நாய்க்கு இரண்டு ஊசிச் சீட்டு

அந்த வருடத்து டைரியில், ஆனி, ஆடி இரண்டு மாதங்களில் மட்டும் ‘நாய்’ என்ற சொல் நாற்பத்தொரு இடங்களில் வருகிறது. என் மனைவியைப் பற்றிய குறிப்பு ஆறு இடங்களில். இதை எண்ணிச் சொன்னவள் அவளேதான். நான் சரிபார்த்தேன். கணக்கு சரியாக இருந்தது.

அப்போது எனக்கு வயது நாற்பத்தாறு. கீழ்வேளூர்ப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அலுவலக எழுத்தராக இருந்தேன். நாளுக்கு ஒரு பக்கம் டைரி எழுதுவேன். எழுந்த நேரம், மழை, வாய்க்காலில் தண்ணீர் எத்தனை அடி, யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள். செய்தி குறைந்த நாளில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்வேனே தவிர, நடக்காததை எழுத மாட்டேன்.

எனக்கு ஆறு மா நிலம், ஏக்கர் கணக்கில் இரண்டு, இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அதைக் குத்தகைக்குச் செய்துவந்தவர் பக்கத்துத் தெருக்காரர். அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல்லை அளப்பார், நான் வாங்கிக்கொள்வேன். காகிதம் எதுவும் கிடையாது. பிறகு சட்டம் வந்தது, சங்கம் வந்தது, ஊர் முனையில் கொடிக்கம்பம் வந்தது. உழுகிறவர் பெயரைப் பதிய வேண்டும் என்று அவர் தாசில்தாரிடம் மனுக் கொடுத்தார். என் வக்கீல் சொன்னபடி நானும் பதில் மனுக் கொடுத்தேன்: ‘மனுதாரர் வெறும் கூலியாள். நிலத்தைச் சாகுபடி செய்வது நானே.’ நான் வயலில் இறங்கிய நாட்கள் டைரியில் இருக்கின்றன. இருபத்திரண்டு வருடத்தில் ஒன்பது நாள். அதில் மூன்று முறை வழுக்கி விழுந்திருக்கிறேன்.

“டைரி எழுதற பழக்கம் உண்டாமே, அதுல நமக்கு ஆகற மாதிரி ஏதாவது இருக்கா?” என்று வக்கீல் ஒருநாள் கேட்டார்.

“மழை அளவுதான் இருக்கு” என்றேன்.

வழக்கு வந்ததும் எங்களுக்குள் மரியாதை கூடிவிட்டது. அதுவரை என்னை ‘ஐயா’ என்று கூப்பிட்டவர் ‘சார்’ என்று மாற்றினார். அதுவரை ‘வாய்யா’ என்ற நான் ‘வாங்க’ என்றேன். இருவருக்குமே அது பெரிய அவமானமாக இருந்தது.

வயலின் தலைமாட்டில் என் அப்பா கட்டிய பம்ப் செட் கொட்டகை உண்டு. அதற்கு ஜன்னல் கிடையாது, ஒரே கதவு. ஆவணி மாதம் வக்கீல் சொல்லி நான் அந்தக் கதவில் ஒரு பூட்டுப் போட்டேன். மறுநாள் காலை பார்த்தால் என் பூட்டுக்கு மேலே இன்னொரு நாதாங்கி அடித்து அவருடைய பூட்டும் தொங்கியது. அவர் இல்லாமல் நான் திறக்க முடியாது. நான் இல்லாமல் அவர் திறக்க முடியாது. உள்ளே மோட்டார் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் குறுவை போடவில்லை.

அந்த இரண்டு பூட்டுக்கும் நேர் கீழே, கதவில் முதுகைச் சாய்த்துப் படுத்திருக்கும் நாய்தான் இந்தக் குறிப்புகளின் நாயகன். செவலை நிறம். வால் நுனி மட்டும் வெள்ளை. காலையில் என் வீட்டில் இட்லி தின்னும், மதியம் அவர் வீட்டில் கருவாட்டுத் தலை தின்னும். மற்ற நேரமெல்லாம் கொட்டகை வாசலில் இருக்கும். எங்கள் வழக்கில் அது எந்தத் தரப்பிலும் சேராமல் இருந்தது.

மறுவருடம் ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை தண்டோரா போட்டார்கள். வாய்க்கால் ஓரத்து ஊர்களில் வெறிநாய் நடமாட்டம் இருப்பதாகவும், ஊர் ஊராக முகாம் வைத்து வளர்ப்பு நாய், பூனைகளுக்கு இலவசமாகத் தடுப்பூசி போடுவதாகவும், சீட்டு இல்லாத நாய்களைப் பஞ்சாயத்தில் பிடித்துப் போவார்கள் என்றும் சொன்னார்கள். நான் முதலில் நினைத்தது நாயைத்தான். இது உண்மை. டைரியில் இருக்கிறது. வக்கீலைப் பார்த்த பிறகுதான் சீட்டை நினைத்தேன்.

முகாம் படிவத்தின் மாதிரி ஒன்றை அவர் முன்னால் வைத்தேன். ‘உரிமையாளர் பெயர். நாய் இருக்கும் இடம். நிறம், அடையாளம்.’ கீழே முத்திரைக்கு ஒரு வட்டம். வக்கீல் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“ஆவணம் ஆவணம்னு தாசில்தார் உயிரை எடுக்கறாரே, இதோ இருக்கே சார்! உங்க பேரு, பம்ப் செட் கொட்டகை, சர்க்கார் முத்திரை. மூணும் ஒரே காகிதத்துல! நாய் யாருதோ அவர் அனுபவத்துலதான் கொட்டகை. கொட்டகை யாருதோ அவர் அனுபவத்துலதான் நிலம்.”

சங்கத்துச் செயலாளரும் அதே வாரத்தில் என் குத்தகைக்காரரிடம் ஏறக்குறைய இதே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறார் என்பது பின்னால் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். ரப்பர் முத்திரை விழுந்த காகிதம் எதையும் யாரும் வெறுமனே பார்ப்பதில்லை. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி வைக்க வாங்கிய அனுமதிச் சீட்டை நில வழக்கில் தாக்கல் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் நாய் பிடிபட வேண்டுமே. புதன்கிழமை பன் வைத்துப் பார்த்தேன். பன்னைத் தின்றுவிட்டு ஓடியது. வியாழக்கிழமை சாக்கு வைத்துப் பார்த்தேன். சாக்கையும் பன்னையும் எடுத்துக்கொண்டு ஓடியது. வெள்ளிக்கிழமை முகாம் நாள். காலையில் கயிற்றை முதுகுப்பக்கம் மறைத்துக்கொண்டு “தோ... தோ...” என்று கூப்பிட்டேன். அது என் முகத்தைப் பார்த்தது, பிறகு வாய்க்காலில் குதித்து அக்கரைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

முகாம் பதினொரு மணிக்கு முடிந்துவிடும். மணி ஒன்பதரை. எங்கள் பள்ளிக்கூட வாசலில் ஒரு செவலை நாய் உண்டு. யார் கூப்பிட்டாலும் வரும், கயிறு கட்டினால் வாலாட்டும். வாலில் வெள்ளை மட்டும்தான் இல்லை.

இதற்கு மேல் நடந்ததை என் டைரியில் இருப்பதுபோலவே தருகிறேன்: ‘காலை 9.40. பள்ளி அலுவலகத்தில் சாக்பீஸ் இரண்டை நனைத்து அரைத்து நாயின் வால் நுனியில் பூசினேன். வெயிலில் ஐந்து நிமிடம் காயவைத்தேன். இது தவறு.’ உண்மையை மட்டுமே எழுதுபவனுக்குள்ள சங்கடம் இதுதான். பொய் சொன்னாலும் அதை உண்மையாக எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் இளைஞர், பேராவூரணிக்காரர். ஊசியைப் போட்டுவிட்டு அடையாளம் எழுதுவதற்காக வாலைப் பிடித்தார். விரல்களைப் பார்த்தார்.

“என்ன சார், வெள்ளை கையில ஒட்டுது?”

நான் என் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

“நேத்து பக்கத்து ஊர் முகாம்லயும் ஒரு செவலை வந்துச்சு. அதுக்கும் வால் நுனி வெள்ளை, அதுவும் ஒட்டுச்சு. இந்தப் பக்கம் பூஞ்சை பரவுது போலிருக்கு. களிம்பு தரேன், காலை மாலை ரெண்டு வேளை தடவுங்க.”

சீட்டும் கிடைத்தது, களிம்பும் கிடைத்தது. பக்கத்து ஊர் முகாமுக்கு எந்தச் செவலை போயிருக்கும் என்று யோசிக்கிற நிலையில் நான் அன்று இல்லை.

அடுத்த விசாரணையில் என் வக்கீல் சீட்டை மேசைமேல் வைத்தார். குத்தகைக்காரரின் வக்கீல் சிரித்துக்கொண்டே இன்னொரு சீட்டை அதன் பக்கத்தில் வைத்தார். அதே டாக்டரின் கையெழுத்து. ஒரு நாள் முந்தைய தேதி. ‘செவலை. வால் நுனி வெள்ளை. பம்ப் செட் கொட்டகை.’ உரிமையாளர் பெயர் மட்டும் வேறு.

தாசில்தார் இரண்டையும் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “கொட்டகையில ரெண்டு நாய் இருக்கா?”

“ஒண்ணுதாங்க” என்றேன்.

“ஒண்ணுதான் சார்” என்றார் குத்தகைக்காரர்.

“அப்போ ஒரே நாய்க்கு அடுத்தடுத்த நாள்ல ரெண்டு ஊசியா? அது உசுரோட இருக்கா?”

“நல்லா இருக்குங்க” என்று இருவருமே சொன்னோம். இடத்தை நேரில் பார்த்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்று சொல்லித் தாசில்தார் வழக்குக் கட்டை மூடினார்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது என் மனசு லேசாக இருந்தது. என் சீட்டு பொய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் சீட்டு இருக்கிறதே! நாய் மதியத்தில் அவர் வீட்டில்தான் தின்கிறது, கருவாட்டைக் காட்டிப் பிடித்திருப்பார். எப்படியோ நாய்க்கு ஊசி போட்டாயிற்று. வழக்கில் அவருக்கு ஒரு புள்ளி கூடினாலும் நாய் பிழைத்தது என்று எழுதி வைத்தேன்.

அவரும் அன்று சைக்கிளில் இதையேதான் நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

ஆடி பிறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை. காலை ஆறு நாற்பது. வழக்கம்போல் குச்சியை விட்டுத் தண்ணீரின் ஆழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டகை இருக்கும் எதிர்க்கரையில் ஒரு கறுப்பு நாய் வந்தது. தலை தொங்கி, வாயிலிருந்து எச்சில் கயிறாக வழிந்தது. பக்கத்தில் எதையும் பார்க்காமல் நேராக நடந்துவந்தது. எங்கள் செவலை எழுந்து கொட்டகைக்கு முன்னால் நின்றது. அதன் இடத்தில் வேறு யாரும் நுழையக் கூடாது. இரண்டும் கட்டிப் புரண்டன. அரை நிமிடம்கூட இருக்காது. கறுப்பு நாய் எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல் நேராக மேலே போனது. அடுத்த குடியிருப்பில் அதை அடித்துப் போட்டார்கள். செவலையின் கழுத்தில் ரத்தம்.

குத்தகைக்காரரின் மனைவி புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். சோப்பை எடுத்துவந்து, நாயை வாய்க்கால் படியில் இழுத்து வைத்து, வெறும் கையால் காயத்தைக் கழுவ ஆரம்பித்தார். எனக்கு மூன்று நாள் பிடிபடாத நாய், அவர் காதைப் பிடித்ததும் பேசாமல் நின்றது.

“தொடாதம்மா! கையை எடு!” என்று இந்தக் கரையிலிருந்து கத்தினேன்.

“எதுக்குங்கய்யா பயம்? ஊசி போட்ட நாய்தானே. ஒண்ணுக்கு ரெண்டா போட்டதா கோர்ட்டுலயே சொல்லியிருக்கீங்களே!”

அந்த அம்மாள் மஞ்சளும் பூசிவிட்டுப் போனார்.

பதினொரு மாதத்தில் முதல்முறையாக அவர் வீட்டை நோக்கி நடந்தேன். பாதி வழியில், மதகுக்கட்டையருகே, அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தார்.

“உங்களைத்தான் பாக்க வந்தேன் சார்.”

“நானும் உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்.”

அவர் சைக்கிள் மணியை ஒருமுறை தட்டினார்.

“சார், உங்க சீட்டு... அது நிஜச் சீட்டுதானே?”

“அதை நான் உங்ககிட்ட கேட்கணும்னு வந்தேன்.”

“நீங்க படிச்சவங்க. டைரியெல்லாம் எழுதறவங்க. நீங்க நிச்சயமா போட்டிருப்பீங்கன்னுதான் நான்...”

“நீங்க மதியம் சோறு போடறவர். நீங்க போட்டிருப்பீங்கன்னு நான்...”

அவர் சைக்கிளை மதகில் சாய்த்தார். “எங்க மச்சான் வீட்டு நாய் சார்” என்றார் தரையைப் பார்த்து.

“பள்ளிக்கூட நாய்” என்றேன்.

“வாலுக்கு?”

“சாக்பீஸ். உங்களுக்கு?”

“வெத்தலைச் சுண்ணாம்பு.” சிறிது யோசித்துவிட்டு, “சாக்பீஸ் ஒட்டுச்சா?” என்றார்.

“கையில் ஒட்டியது.”

“சுண்ணாம்பும் அப்படித்தான்.”

சிரிப்பு வந்தது. ஆனால் நாயைக் கழுவிய கை அவர் மனைவியுடையது. அது இருவருக்கும் ஒரே சமயத்தில் நினைவு வந்திருக்க வேண்டும். “ஏறுங்க” என்றார். அவர் சைக்கிளின் பின் சீட்டில் உட்கார்ந்து மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். “என்னண்ணே, கேஸு முடிஞ்சுபோச்சா? யாரு செயிச்சா?”

“கறுப்பு நாய்” என்று சொல்லிவிட்டு அவர் வேகமாக மிதித்தார்.

மாட்டாஸ்பத்திரிச் சுவரில் புது முதலமைச்சர் படம் மாட்டியிருந்தது. பழைய படம் இருந்த இடத்து வெள்ளைச் சதுரம் இதைவிடச் சற்றுப் பெரிதாக இருந்ததால் அதன் ஓரம் வெளியே தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அப்போ பூஞ்சை இல்லையா?”

“இல்லைங்க.”

“நான் குடுத்த களிம்பு?”

“பள்ளிக்கூட நாய்க்குக் காலை மாலை இரண்டு வேளை தடவினேன். சீட்டில் அப்படித்தானே எழுதியிருந்தது.”

டாக்டர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் குரல் மாறியது. “நாயைக் கடி வாங்கினப்புறம் யாராவது தொட்டாங்களா?”

குத்தகைக்காரர் சொன்னார். டாக்டர் எழுந்துவிட்டார். “கையில கீறல், புல்லறுத்த காயம் ஏதாவது இருக்கா? இருக்கும். இப்பவே நாகப்பட்டினம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு இல்ல, இன்னைக்கே. அந்த நாய் எச்சில் பட்டிருந்தா வர்ற நோவுக்கு அப்புறம் வைத்தியமே கிடையாது. தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி. ஒண்ணுகூட விடக் கூடாது.”

“நாய்க்கு?”

“ஊசி போட்டிருந்தா இன்னொரு ஊசி போட்டுக் கண்காணிப்புல வச்சா போதும். போடாத நாயைக் கொன்னுடறதுதான் வழக்கம்.” அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். “இல்லேன்னா ஆறு மாசம் தனியா அடைச்சு வைக்கணும். யாரும் தொடக் கூடாது, தட்டைக்கூடக் கையால எடுக்கக் கூடாது. திங்கற விதம், குரல், நடை எதுல மாற்றம் தெரிஞ்சாலும் எனக்கு உடனே சொல்லணும். அந்த மாதிரி அடைச்சு வைக்க உங்ககிட்ட இடம் இருக்கா? ஜன்னல் இல்லாத, கெட்டியான கதவு உள்ள இடம்?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

குத்தகைக்காரரின் மனைவிக்கு விஷயத்தைச் சொல்லும்போது நானும் கூடவே நின்றேன். அவர் தனியாகச் சொல்ல மறுத்துவிட்டார். அந்த அம்மாள் முதலில் கணவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“ஆக, வாலுக்கு வெள்ளையடிக்க நேரம் இருந்திருக்கு ரெண்டு பேருக்கும். ஒரு நாய்க்கு ஒரு ஊசி போடத் துப்பில்லாம எனக்குப் பதினாலு ஊசி வாங்கிக் குடுத்திருக்கீங்க. நெலம் யாருக்கு வேணா போவட்டும். ஆறு மா நெலத்துல மூளை ஒரு மரக்கால் வெளையல!”

இதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். திருத்த வேண்டிய இடம் எதுவும் இல்லை.

அன்று மாலை நாலரை மணிக்கு இரண்டு சாவிகளும் சேர்ந்து வந்தன. முதலில் அவர் பூட்டு, பிறகு என் பூட்டு. பதினொரு மாதத்துக்குப் பிறகு கதவு திறந்தது. நாயை உள்ளே தள்ள மூங்கில், வலை, சாக்கு எல்லாம் தயாராக வைத்திருந்தோம். எதுவும் தேவைப்படவில்லை. கதவு திறந்ததும் அது எழுந்து, எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்து, உள்ளே போய் மோட்டார் மேடையருகே சுருண்டு படுத்துக்கொண்டது. இத்தனை மாதமும் அது காவல் காக்கவில்லை, யாராவது திறக்க மாட்டார்களா என்றுதான் காத்திருந்திருக்கிறது.

டாக்டர் கம்பிச் சுருக்கில் கழுத்தைப் பிடித்து, சங்கிலியை மேடையின் போல்ட்டில் மாட்டி, ஊசியைப் போட்டார். கிளம்புமுன் கையுறை போட்ட விரலால் வால் நுனியை அழுத்தித் தேய்த்து, விரலைத் தூக்கி எங்களுக்குக் காட்டினார். ஒட்டவில்லை. எங்கள் பழைய சீட்டுகள் இரண்டின் நகல்களிலும் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டு, தாசில்தாருக்கு ஒரு கடிதமும் எழுதினார். இரண்டு வக்கீல்களும் எங்களோடு ஒரு மாதம் பேசவில்லை. செலவில்லாத மாதம் அது.

மறுநாள் முதல் காலை ஏழு மணிக்கு நானும் அவரும் கொட்டகை வாசலில் இருக்க வேண்டும். இரண்டில் ஒரு பூட்டை எடுத்துவிடலாமே என்று யாரும் கேட்கலாம். எங்களுக்கும் அது தோன்றியது. ஆனால் யார் பூட்டை எடுப்பது? ஆகவே இரண்டையும் தினமும் திறந்தோம். அவர் நீண்ட மூங்கிலால் தட்டைத் தள்ளுவார். நான் வாசலில் நின்று எழுதுவேன்: ‘7.04. நான்கு நிமிடம் தாமதம் (அவர்). நாய் சோறு முழுவதும் தின்றது. தண்ணீர் குடித்தது. குரைப்பு வழக்கம்போல்.’ தண்ணீர் குடித்ததா என்பதை மட்டும் அவர் தினமும் இரண்டு தடவை கேட்பார். தண்ணீரைக் கண்டு மிரண்டால் கதை முடிந்தது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

அவர் மனைவி பதினாலு நாளும் பஸ்ஸில் நாகப்பட்டினம் போய்வந்தார். ஒருநாள் அங்கிருந்தே வேளாங்கண்ணிக்குப் போய், நாய் பிழைத்தால் வெள்ளியில் நாய் உருவம் வைப்பதாக வேண்டிக்கொண்டார். அவர்கள் மாதா கோயில்காரர்கள். கடையில் கை இருந்தது, கால் இருந்தது, வீடு, தொட்டில், மாடுகூட இருந்தது, நாய் மட்டும் இல்லையாம். “மாதாவுக்குப் புரியாதா? மாட்டை வச்சு, இது நாய்னு சொல்லிடறேன்” என்றார். “அடையாளத்துல பொய் சொல்ற ஊருதானேன்னு அவளுக்கும் தெரிஞ்சிருக்கும்.”

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் சாவிகளைத் தலைப்பாகையில் முடிந்துகொண்டு இருவரும் போனோம். நாய் மோட்டார் மேடைமேல் ஏறி நின்று, தாமதமானதற்காக எங்களைத் திட்டியது. ‘குரைப்பு வழக்கத்தைவிட அதிகம். காரணம் நியாயமானது’ என்று எழுதினேன். கார்த்திகையில் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது மனைவியிடம் சாவியைக் கொடுத்தனுப்பினார். மார்கழியில் நான் ஒரு நிக்காஹுக்காகக் கூத்தாநல்லூர் போக வேண்டியிருந்தது. என் சாவியை அவர் கையில் கொடுத்தேன். “சாவியைக் கைமாத்தினீங்கன்னா நிலத்தையே ஒப்படைச்ச மாதிரி” என்று வக்கீல் முன்பே எச்சரித்திருந்தார். அவரிடம் சொல்லவில்லை. டைரியில் எழுதினேன். மறுநாள் திரும்பி வந்தபோது சாவியோடு ஒரு துண்டுக் காகிதமும் கொடுத்தார். அதில் கோணல் எழுத்தில் இருந்தது: ‘7.00 மணி. தாமதம் இல்லை. சோறு தின்னது. தண்ணி குடிச்சது. கொரச்சது.’ அந்தப் பக்கத்தில் அதையே ஒட்டிவைத்தேன்.

தை மாதம் ஆறு மாதக் கெடு முடிந்தது. டாக்டர் வந்து நாயை எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டுச் சங்கிலியை அவிழ்த்தார். புதுச் சீட்டில் நாயின் ஊசிக் கணக்கை எழுதினார். உரிமையாளர் இடத்தில் பேனா நின்றது. நாங்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்தோம். “கோர்ட்டு நிரப்பட்டும்” என்று அதைக் காலியாக விட்டார்.

நான்கு நாள் கழித்து, அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது, இடம் பார்க்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். வரப்பில் குடையோடு என் வக்கீல். எதிர் வரப்பில் துண்டோடு சங்கத்துச் செயலாளர். இன்ஸ்பெக்டர் கொட்டகைக் கதவின் பூட்டுகளைப் பார்க்கக் குனிந்தார். தன் கதவை இன்னொருவர் தொடுவதை நாய் அனுமதிக்கவில்லை. அவர் கெண்டைக்காலில், கால்சட்டையோடு சேர்த்து, ஒரு கடி.

“ஐயோ! இதுக்கு ஊசி போட்டிருக்கா? போட்டிருக்கா?” என்று அவர் அலறினார்.

“போட்டாச்சுங்க! எங்க கண்ணு முன்னாடி!” என்று நானும் குத்தகைக்காரரும் ஒரே குரலில் சொன்னோம். அவர் இடுப்பிலிருந்து சீட்டை எடுப்பதற்குள் நான் என் டைரியை விரித்துவிட்டேன். ஒன்றரை வருட வழக்கில் இரு தரப்பும் தந்த ஒரே மாதிரியான வாக்குமூலம் அது. உண்மையும் அதுதான்.

குத்தகைக்காரர் மனைவி அரிவாளைப் போட்டுவிட்டுச் சோப்போடு வந்தார். “நல்லா நொரை வரக் கழுவுங்க சார். கழுவிட்டு ஆஸ்பத்திரியில காட்டிடுங்க. ஊசி போட்ட நாய்தான், இருந்தாலும் காட்டிடுங்க. தொப்புள்னு சொன்னா பயந்துடாதீங்க, நாலாவது ஊசியோட பழகிடும்.”

கழுவி முடித்து, சீட்டையும் டைரியின் ஆறு மாதப் பக்கங்களையும் புரட்டிய பிறகுதான் இன்ஸ்பெக்டருக்கு மூச்சு சீரானது. வரப்பில் உட்கார்ந்து வழக்குக் கட்டைப் பிரித்தார்.

“சரி, வந்த வேலையைப் பாப்போம். இந்த நிலத்தை யாரு சாகுபடி பண்றா?”

என் வக்கீல் குடைக்கடியிலிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இன்ஸ்பெக்டரின் மடியில் என் டைரி திறந்தபடியே இருந்தது. நாய் தண்ணீர் குடித்ததை நம்ப வைத்த அதே டைரி.

“அவர்தாங்க. இருபத்திரண்டு வருஷமா” என்றேன்.

வக்கீலின் குடை மடங்கியது. குத்தகைக்காரர் கையிலிருந்த கதிர்க்கட்டைக் கீழே வைத்தார். “ஐயா...” என்றார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு.

இன்ஸ்பெக்டர் எழுதி முடித்தார். பிறகு சீட்டில் காலியாக இருந்த இடத்தின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு, கடிபட்ட காலைத் தடவியபடி, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நாய் யாருது?”

“அவருதுங்க” என்று இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டினோம்.